பானெட் சூடாக இருந்தது

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச எங்கள் மலைப்பக்கத்தில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் நான் ஒரு கடைமுன் வந்து நின்றாலே கடைக்காரன் முதலில் பெருமூச்சு விடுவான், அப்புறம்தான் விலை சொல்வான். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை என் கணவர் ரூடிகர் என்னையும் காஸ்பர்ஸின் கார் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "நீ பேசு மார்லீஸ், நான் வாயே தெறக்கமாட்டேன். நீ பேசுற பேச்சுல அந்த ஆளு அழுதுக்கிட்டே சாவியக் குடுக்கணும்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கண் வைத்திருந்தது சாதாரண வண்டியில்லை. நானூறு குதிரைகளுக்கு மேல் சக்தி கொண்ட, இரண்டே கதவுள்ள, நீல நிற வேகவண்டி. யாரோ ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்றது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் நான் கூடக் கிளம்பினேன்.

மார்ச் மாதம் என் தங்கை வீட்டிலிருந்து மோசல் ஆற்றங்கரைச் சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ரூடிகர்தான் ஓட்டினார். எப்போதும் அவர்தான் ஓட்டுவார். தங்கை வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் இல்லை. வலது கட்டைவிரல் மட்டும் ஆட்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது, சூப்பில் உப்புத் தூவுவது போல. வண்டி மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே பால் லாரி. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது நான்தான். லாரிக்காரன் அடித்த ஹாரன் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ரூடிகர் திரும்பி வந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஸ்டியரிங்க எதுக்குப் புடிக்கற? ஒனக்கென்ன பைத்தியமா?"

ஆகஸ்டில் மறுபடி, சமையலறையில். கோப்பை நிரம்பி வழிந்து மேசையெல்லாம் காப்பி ஓடிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதே கண். அதே விரல். அன்று நான் அழுததைப் பார்த்துத்தான் தனக்கு ஏதோ நடக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் என் கையைப் பிடித்து, "டாக்டர் காதுக்குப் போனா லைசென்ஸ் போயிடும். இந்த மலையில லைசென்ஸ் இல்லாம நான் என்ன ஆடு மேய்க்கவா? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு தங்கம்" என்றார். சொன்னேன். நான் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணத்தை நானே எத்தனை தடவை சபித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ராத்திரி அவர் தூங்கும்போது நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். பகலில் தூங்கி வழிவேன்.

வேகவண்டியே வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வீட்டுக்கூரைகளில் ஏறி ஸ்லேட் கல் பதித்த மனிதர். முதல் குழந்தை பிறந்தபோது நான் அழுதேன் என்பதற்காகத் தன் மோட்டார் சைக்கிளை ஒரு வார்த்தை பேசாமல் விற்றவர். முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றபின் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதற்கும் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்த எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார், தனியாகப் போய் வாங்கியிருப்பார். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் கிடந்து கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். வெட்கம்கெட்ட விலைக்குக் கேட்பது. காஸ்பர்ஸ் மானமுள்ள மனிதராக இருந்தால் எங்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கை கொடுத்துவிடக்கூடாது. எங்கள் பக்கத்தில் மாட்டுச்சந்தைக் காலத்து வழக்கம் இன்னும் சாகவில்லை. விலை சொல்லிக் கை கொடுத்தால் வியாபாரம் முடிந்தது, காகிதமெல்லாம் பிறகு. கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொண்டவனைப் பற்றி அவன் செத்தபின் சவ அடக்கத்திலும் பேசுவார்கள்.

காஸ்பர்ஸின் கடை, ரிங்குக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ரிங் என்றால் எங்களுக்கு ஒன்றுதான், காட்டுக்குள் மலையேறி இறங்கும் அந்தப் பந்தயப்பாதை. பந்தயம் இல்லாத நாளில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் போய் ஓட்டலாம். அதனால் இங்கே வேகவண்டி வாங்கப் போகிறவன் முதலில் கதவைத் திறக்க மாட்டான், எஞ்சினை மூடும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பான். சில்லென்று இருக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் வியாதியெல்லாம் இருமிக்கொண்டு வெளியே வரும். ஆள் வருமுன்பே விற்பவன் சூடேற்றி வைத்திருந்தால் அவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். ரூடிகர் முந்தின நாளே போன் செய்து, எஞ்சினைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்லியிருந்தார்.

காஸ்பர்ஸ் வாசலுக்கே வந்தார். அறுபது வயது, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தூங்காத கண். வணக்கம் சொல்லிக் கை கொடுத்தபோது அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. நீல வண்டி முற்றத்தின் நடுவில் நின்றது. ரூடிகர் அதைச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாணத்தோடு. பிறகு பானெட்டில் கை வைத்தார். அவர் முகம் விழுந்தது.

"சூடா இருக்கே."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"காலைல கொஞ்சம் நகத்தி வெச்சேன் சார், அவ்வளவுதான்" என்றார் காஸ்பர்ஸ்.

"நகத்தினதுக்கா இந்தச் சூடு? இதுமேல முட்டையே பொரிக்கலாம் போலிருக்கே" என்று நான் ஆரம்பித்தேன். "டயர் ஓரத்தப் பாருங்க, ரப்பர் உருண்டு உருண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. இது ரொட்டி வாங்கக் கடைக்குப் போன வண்டியா? போன்ல சொல்லியும் சூடாக்கி வெச்சிருக்கீங்க. எதை மறைக்கிறீங்க?"

"எதையும் மறைக்கல மேடம்." அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார்.

"எழுதி ஒட்டியிருக்கிறது நாப்பத்திரெண்டாயிரம் யூரோ. நான் முப்பது தரேன்."

ரூடிகருக்கு இருமல் வந்துவிட்டது. சந்தையில் உடைந்த பீங்கான் குடத்துக்குக்கூட நான் இவ்வளவு அடித்துக் கேட்டதில்லை. காஸ்பர்ஸ் இப்போது கத்துவார், வெளியே போங்கள் என்பார், ரூடிகர் தலை குனிந்து வண்டிக்குத் திரும்புவார், வீட்டுக்குப் போய் நான் அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு அடை சுட்டுத் தருவேன். எல்லாம் மனசில் ஓடிவிட்டது.

"முப்பத்தியாறுன்னு வெச்சுக்குவோமா?" என்றார் காஸ்பர்ஸ்.

ஒரே மூச்சில் ஆறாயிரம் இறங்கிவிட்டார்.

"முப்பத்தியாறா? பிரேக் மாத்தணும், டயர் மாத்தணும். குளிர்காலம் வேற வருது."

"குளிர்கால டயர் நாலும் சும்மா தரேன், மேடம். முப்பத்திநாலு. ஆனா ஒண்ணு, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடணும். சாயந்தரத்துக்குள்ள."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ரூடிகர் என் காதருகே குனிந்து, "நீ ராட்சசிடீ" என்று சந்தோஷத்தோடு கிசுகிசுத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு கடைக்காரன் காரணமில்லாமல் இப்படி இறங்குவானா? என் பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அந்த வண்டியில் ஏதோ இருக்கிறது.

பட்டறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நீல வேலையுடுப்பு, எண்ணெய்க் கை, இறுகக் கட்டிய மஞ்சள் முடி. கையில் கடைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் சிவப்பெழுத்து நம்பர் பலகைகள் இரண்டு.

"அப்பா, இதயா விக்கப் போறீங்க? எங்கிட்ட சொல்லவேயில்ல?"

"கடையில நிக்கறதெல்லாம் விக்கத்தான் ரோன்யா. பலகைய மாட்டு."

அவள் மாட்டினாள். மாட்டிவிட்டு வண்டியின் கூரையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். ரூடிகரைப் பார்த்து, "மூணாவது கியர் போட்டாத்தான் சார் இது வாயத் தெறந்து பேசும்" என்றாள். ரூடிகர் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். காஸ்பர்ஸ் சிரிக்கவில்லை. "போய் வேலையப் பாரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

ஓட்டிப் பார்க்கும் முன் லைசென்ஸைக் காட்ட வேண்டும். ரூடிகர் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார், காஸ்பர்ஸ் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சின்ன அட்டையைப் பார்த்தபோது எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த மனிதரை ஓட்டவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. மென்று விழுங்கினேன்.

முன்னால் ரூடிகரும் காஸ்பர்ஸும், பின்னால் நான். அந்த வண்டிகளில் பின் இருக்கை என்பது பெயருக்குத்தான், கைப்பையை வைத்தால் ஆளுக்கு இடமில்லை. முழங்கால் தாடையில் இடிக்க, கோணலாக உட்கார்ந்து, ரூடிகரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல். அது ஸ்டியரிங்கில் அசையாமல் இருக்கும்வரை அவர் இங்கே இருக்கிறார்.

ஊருக்குள் மெதுவாகத்தான் போனார். அதிவேகச் சாலைக்குள் ஏறியதும் எஞ்சின் சத்தம் மாறியது. முதுகை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலிருந்தது. இருபுறமும் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராகிவிட்டன. முன்னால் போன வண்டிகள் நின்றுகொண்டிருப்பவை போல எங்களை நோக்கி வந்தன. ரூடிகர் சத்தமாகச் சிரித்தார். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அன்று கும்பிட்டேன். அம்மா மரியே, இன்றைக்கு மட்டும், இந்த விரல் அசையாமல் இருக்கட்டும். அவர் பேசிக்கொண்டே இருந்தால் ஆள் இருக்கிறார் என்று தெரியுமே என்று நான் எதையெதையோ கேட்டேன். "கண்ணாடி சரியாத் தெரியுதா? கால் எட்டுதா? பசிக்குதா?"

"பின்னாடி உக்காந்துக்கிட்டு என்னடீ பரீட்சை வைக்கிற?" என்று கத்திச் சிரித்தார்.

அப்போதுதான் காஸ்பர்ஸைக் கவனித்தேன். கதவுக்கு மேலிருக்கும் பிடியை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. வாழ்நாள் முழுக்க வேகவண்டி விற்றவருக்கு வேகவண்டியில் உட்காரப் பயமா? திரும்பி வரும்போது காட்டுச்சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. "இங்க மெதுவா, சார், தயவுசெஞ்சு இங்க மட்டும் மெதுவா" என்றவர் கண்ணை மூடிக்கொண்டார். ரூடிகர் மெதுவாகத்தான் போனார். வளைவில் இரும்புத் தடுப்பில் நீளமாக ஒரு கீறல், அதில் நீலச் சாயம். சந்தேகத்தோடு எங்கள் வண்டியின் பக்கவாட்டை எட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

அலுவலக அறையில் காப்பி கொடுத்தார். ஒருத்தரும் குடிக்கவில்லை.

"அந்த வளைவுல இடிச்சது இந்த வண்டிதானே?" என்று நேராகக் கேட்டேன்.

காஸ்பர்ஸ் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆமா மேடம். லேசா ஒரசிடுச்சு. கதவு மாத்தி, சாயம் அடிச்சு, எல்லாம் சரி பண்ணியாச்சு. சொல்லியிருக்கணும். முப்பத்திரெண்டு."

"கேட்டியா ரூடிகர்? அடிபட்ட வண்டி. எந்திரி, போலாம்."

"லேசா ஒரசினதுக்கு யாராவது போவாங்களா?" ரூடிகருக்குக் கண் மின்னியது. "பேசு, இன்னும் பேசு!"

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சம். அடிமாட்டு விலை. "இருபத்தெட்டு" என்றேன்.

காஸ்பர்ஸ் எழுந்தார். இதோ, இப்போது கதவைக் காட்டுவார். அவர் மேசையைச் சுற்றி வந்து ரூடிகர்முன் நின்று கையை நீட்டினார். "முப்பது. மேடம் முதல்ல கேட்ட அதே முப்பது. கை குடுங்க சார், முடிச்சுடலாம்."

ரூடிகரும் எழுந்தார். கை பாதிவரை உயர்ந்தது. அங்கேயே நின்றது.

கண் காஸ்பர்ஸின் தோளுக்கு மேலே சுவரில் எங்கோ இருந்தது. காஸ்பர்ஸ் காத்திருந்தார். நான் ரூடிகரின் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் உப்புத் தூவிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடிப் பிடித்திருக்க வேண்டும். என்னால் அசைய முடியவில்லை. சாலையில் இருந்தபோது வராதது இங்கே வந்துவிட்டது. சற்று முன்னால், அந்த வேகத்தில் வந்திருந்தால்?

காஸ்பர்ஸுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எதிராளி பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றால் விலை பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்துக் கில்லாடிகள் அப்படித்தான் நிற்பார்கள். அவர் நெற்றியில் வியர்வை கிளம்பியது. "இருபத்தொம்போது" என்றார். ரூடிகர் அசையவில்லை. "சார், இதுக்குமேல என்னால... சரி. மேடம் சொன்ன இருபத்தெட்டே." அப்போதும் ரூடிகர் அசையவில்லை. "சார், கெஞ்சிக் கேக்கறேன். இருபத்தஞ்சு. இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க." அவர் குரல் உடைந்தது. ஒரு பிணத்தோடு ஒருவர் பேரம் பேசுவதைப் பார்ப்பது போலிருந்தது எனக்கு.

ரூடிகர் கண்ணைச் சிமிட்டினார். திரும்பி வந்துவிட்டார்.

"இருபத்தஞ்சா?" என்றார், நாக்குக் கொஞ்சம் குழற. காதில் கடைசியாக விழுந்தது அது மட்டும்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "இருபத்தஞ்சுன்னா முடிச்சுடுவோம்!" கை முன்னால் போனது.

நான் பாய்ந்து அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காஸ்பர்ஸின் கை வெறுங்காற்றில் நின்றது.

"இவரால ஓட்ட முடியாது" என்றேன். "இவர் காணாமப் போயிடுறார். கண்ணு தெறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். இப்பக்கூட நீங்க பேசினது ஒண்ணும் இவருக்குத் தெரியாது. மார்ச்சுல நாங்க ரெண்டு பேரும் செத்திருப்போம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன். சொல்லிட்டேன்."

பட்டறையில் ரோன்யா எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மார்லீஸ்" என்றார் ரூடிகர். பெயரை மட்டும்தான் சொன்னார். அவர் என்னை அடித்ததே இல்லை, அப்படிச் சொன்னதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

"எப்போ?" என்று கேட்டார் பிறகு. "இப்பவா? நான் நின்னுக்கிட்டுதானே இருந்தேன்?"

"முப்பதுல போனீங்க, இருபத்தஞ்சுல வந்தீங்க, சார்" என்றார் காஸ்பர்ஸ் மெதுவாக. கேலியாகச் சொல்லவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியை வெளியில் ஓட்டிப்போன நினைப்பு அவருக்கும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும், முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"நீங்க ஏன் இப்படி இறங்கினீங்க?" என்றேன். "வண்டியில என்னதான் இருக்கு?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல மேடம். அதான் கோளாறு." அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரோன்யா. தினமும் வேலை முடிஞ்சதும் அந்தச் செவப்புப் பலகைய மாட்டிக்கிட்டு ரிங்குக்குப் போயிடறா. இன்னைக்குக் காலைலயும் நான் எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டா. அதான் பானெட் சூடு. அந்த வளைவுல ஒரசினதும் அவதான். சிரிச்சுக்கிட்டே வந்து, அப்பா ஒரு கதவு போச்சுன்னு சொல்றா. வயசுக்கு வந்த பொண்ணு, கட்டியா போட முடியும்? நான் வாசல் கேட்டுல நின்னு காத வெச்சுக்கிட்டிருப்பேன். சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கிறவரைக்கும் ஒண்ணுமில்ல. நின்னுடுச்சுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. என்னைவிட யாருக்கு அது தெரியும்?

பிறகு சட்டென்று என் பக்கம் சாய்ந்தார். "நீங்க எடுத்துட்டுப் போங்க மேடம். ஓட்ட வேண்டாம். உங்க வீட்டு ஷெட்டுல வெச்சுப் பூட்டிடுங்க. சும்மாவே தரேன். இங்கேர்ந்து போனாப் போதும்."

நான் ரூடிகரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக நீல வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின ஷெட்டுக்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி எந்த டப்பாவில் இருந்தாலும் அவர் கண்டுபிடிப்பார். ஒரு நாள் நான் சந்தைக்குப் போயிருக்கும்போது. ஒரே ஒரு தடவை, ஊர் எல்லைவரைக்கும் மட்டும்.

"முடியாது" என்றேன். "மன்னிச்சுக்குங்க. என் பயமே எனக்குத் தாங்கல."

காஸ்பர்ஸ் தலையாட்டினார். நான் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவது போலத்தான் உணர்ந்தேன்.

வெளியே எங்கள் பழைய வண்டியருகே கையை நீட்டினேன். ரூடிகர் சாவியை என் கையில் வைக்கவில்லை, வண்டிக் கூரை மேலே வீசினார். அது சறுக்கி என் பக்கம் வந்து விழுந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் பக்கத்தில் உட்கார நான் ஓட்டியதே இல்லை. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன், கண்ணாடியைத் திருப்பினேன். அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். காஸ்பர்ஸ் கேட்டருகில் நின்றார். கையசைக்கவில்லை.

"எனக்கு வாக்குக் குடுத்திருந்த" என்றார் ரூடிகர், காட்டுச்சாலைக்குள் நுழைந்தபின்.

"ஆமா. குடுத்திருந்தேன்."

"ஒரு அந்நியன் முன்னாடி. ஒரு கார் விக்கறவன் முன்னாடி."

"ஆமா."

"இனிமே ஒங்கிட்ட என்ன சொல்லணும்னாலும் நான் யோசிக்கணும்."

"யோசி. உயிரோட இருந்து யோசி."

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் ஓரமாக ஒதுங்கினேன். நீல வண்டி எங்களைத் தாண்டிப் போனது, சிவப்பெழுத்துப் பலகையோடு. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு ஆடியது. விற்பனை நடக்கவில்லை என்ற சந்தோஷம் அந்தக் கையில் தெரிந்தது. வளைவில் மறைந்தாள்.

"மூணாவது கியர்" என்றார் ரூடிகர் தன்னையறியாமல். "நல்லா ஓட்டுறா."

நான் ஜன்னலை இறக்கினேன். சத்தம் மரங்களுக்கு மேலே ஏறிப் போனது, இறங்கியது, திரும்ப ஏறியது. அவள் அந்தக் கொண்டை ஊசியை நெருங்கியிருப்பாள். பிறகு நின்றுவிட்டது.

வண்டியை ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஒன்றுமில்லை. எங்கோ ஒரு காகம். இலையில் சொட்டும் தண்ணீர்.

"மலை மறைச்சிருக்கும்" என்றார் ரூடிகர்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"பள்ளத்துல இறங்கினாக் கேக்காது. இப்ப அந்தப் பக்கம் கேக்கணும்." பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். "ஏன் கேக்கல? மார்லீஸ், ஏன் கேக்கமாட்டேங்குது?" அவர் குரல் நடுங்கியது. கூரை உச்சியில் ஒற்றைக் காலில் நின்ற மனிதர் அவர், நான் அந்தக் குரலை அவரிடம் கேட்டதே இல்லை. கழுத்து நரம்பு புடைக்கக் காட்டை நோக்கிக் காதை வைத்துக்கொண்டு நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு விடக்கூட மறந்துவிட்டார்.

ராத்திரி படுக்கையில் நான் அப்படித்தான் இருப்பேன்.

கடைசியில் வந்தது. தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம், மெலிசாக, ஆனால் அதே சத்தம். ரூடிகர் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"இப்படியா இருக்கு?" என்றார்.

"இப்படித்தான்."

"தினமுமா?"

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

பெல்ட்டை எடுத்தார். முதல் தடவை மாட்டவில்லை, நான்தான் பிடித்து மாட்டிவிட்டேன். "திங்கக்கெழம டாக்டர்கிட்ட போவோம்" என்றார். "நீயே ஓட்டு."